முள் அசையாத நாற்காலி

போன புதன்கிழமை மாலை நாலு மணி முப்பத்தெட்டு நிமிடத்துக்கு, பக்கத்து வீட்டு டெய்லரின் நாற்காலியில், மடியில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டின்னுக்குள் பிஸ்கட் இல்லை. அதன் முகத்தில் ஒரு முள். அந்த முள் நகரக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்ட மாதிரி, பள்ளிக்கூடப் பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட வேண்டிக்கொண்டதில்லை.

ஏன்? வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். வரிசை தப்பினால் எனக்குச் சாப்பாடு இறங்காது — வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு இது தெரியும்.

தல்லாகுளத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், இரண்டு மூங்கில் கம்புகளுக்கு நடுவே ஒரு செம்புக் கம்பி ஓடுகிறது. துணி காயப்போடும் கொடி அல்ல, ஏரியல். நான் ஒரு ஹாம் ரேடியோக்காரன். அரசாங்க லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே சொந்த ரேடியோவில் ஊர் ஊராகப் பேசுகிற பொழுதுபோக்கு. 'அதான் போன் இருக்கே?' என்பீர்கள். என் மனைவி இருபது வருடமாக அதையேதான் சொல்கிறாள்.

பக்கத்து வீடு காதர் பாயுடையது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடு. முன்னறையில் மோட்டார் வைத்த தையல் மெஷின். அங்கேயே உட்கார்ந்து ஜாக்கெட் தைப்பார். ஆறு மாதத்துக்கு முன்பு அவருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இதயம் தாளம் தப்பினால் தட்டிக் கொடுக்கிற சின்னக் கருவி. என் ஏரியல் கம்பியின் ஒரு முனை, அவருடைய முன்னறைக்கு நேர் மேலே போய் முடிகிறது.

அப்போதே டாக்டரிடம் கேட்டோம். "தள்ளி இருந்தா ஒண்ணும் ஆகாது" என்றார். எவ்வளவு தள்ளி என்று நாங்கள் கேட்கவில்லை. பதில் பிடித்திருந்தால் அடுத்த கேள்வியை யார் கேட்கிறார்கள்?

இரண்டு வாரத்துக்கு முந்திய வியாழக்கிழமை. காலை ஒன்பது மணி. பாயின் மனைவி மைமூன் எங்கள் வாசலில் நின்றார். கையில் தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள்கள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கணும்."

"சொல்லும்மா."

"இவருக்குச் சாயங்காலமானா கிறுகிறுன்னு வருது. சொவத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. தெனமும் இல்ல. வர்ற அன்னைக்கெல்லாம் அந்தத் தேதித் தாளைக் கிழிச்சு, பின்னாடி நேரத்தை எழுதி வச்சிருக்கேன். நீங்களும் ரேடியோவுல பேசுற நேரத்தை எழுதுவீங்களாமே... ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தா என்ன?"

எனக்கு முதலில் வந்தது கவலை அல்ல, பெருமை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரம் குறிக்கிற இன்னொரு ஜீவன் எங்கள் தெருவிலேயே இருக்கிறதா! ஹாம் ரேடியோக்காரர்கள் ஒவ்வொரு பேச்சையும் லாக் என்ற நோட்டில் பதிய வேண்டும் — தேதி, நேரம், யாரோடு பேசினோம், சிக்னல் எப்படி, குறிப்பு. என் லாக்கில் ஒரு நாள் விட்டுப்போனது கிடையாது. ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

நான்கு தாள்கள். 4.33, 4.29, 4.38, 4.31. அதே நான்கு தேதிகளுக்கு என் லாக்கில் 11.05, 11.01, 11.10, 11.03.

"பாத்துக்கம்மா. நான் பேசுனது பூராம் பதினோரு மணிக்கு. அவருக்கு வர்றது நாலரைக்கு. சம்பந்தமே இல்ல."

"அல்லா... இப்பத்தாண்ணே எனக்கு மூச்சே வருது. நீங்க ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதீங்க."

"இதுல என்னம்மா இருக்கு" என்றேன், பெருந்தன்மையாக. மாலையில் ஒரு கிண்ணம் சேமியா பாயசம் வந்தது. நிரபராதியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல மாலையில் ரேடியோவில் பேச உட்கார்ந்தேன். ஆரம்பிக்கிற நேரத்தைக் குறிக்க லாக்கை எடுத்து, சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். 4.36. பேனா தன்பாட்டுக்கு எழுதியது: 11.06.

பேனா நின்றது.

விஷயம் இதுதான். உலகம் முழுக்க ஹாம்கள் லாக்கில் உள்ளூர் நேரம் எழுதுவதில்லை. எல்லோருக்கும் பொதுவான உலக நேரம் ஒன்று உண்டு, அதைத்தான் எழுதுவோம். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் ஓடும். பல வருடப் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்க்கும்போதே மனசு ஐந்தரையைக் கழித்துவிடும். எழுதும்போது கழிக்கத் தெரிந்தவனுக்கு, அன்று வாசலில் நின்று படிக்கும்போது கூட்டத் தெரியவில்லை! நான் பேசுவதே சாயங்காலம்தான் என்பதோ, அந்த நான்கு நாளும் காலை பதினோரு மணிக்கு நான் வீட்டிலேயே இல்லை, லைப்ரரியில் இருந்தேன் என்பதோகூட உறைக்கவில்லை.

தாள்களை மைமூன் எங்கள் வீட்டிலேயே விட்டுப் போயிருந்தார். எடுத்து வைத்துக் கூட்டினேன். 11.05 என்றால் மாலை 4.35. பாய்க்குத் தலை சுற்றியது 4.33. 11.01 என்றால் 4.31. பாய்க்கு 4.29. அடுத்தது. அதற்கடுத்தது. நான்கும் பொருந்தின. எல்லாவற்றிலும் இரண்டே நிமிட வித்தியாசம். அவர்கள் வீட்டுக் கடிகாரம் இரண்டு நிமிடம் மெதுவாக ஓடுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

நம்மை விடுதலை செய்கிற கணக்கை நாம் இரண்டாம் தடவை சரிபார்ப்பதே இல்லை. கவனித்திருக்கிறீர்களா? பில்லில் நமக்கு எதிராக ஏதாவது இருந்தால்தான் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறோம்.

ரேடியோவின் வயரைப் பிடுங்கிவிட்டு மனைவியிடம் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நேத்து பாயசம் சாப்பிட்டீங்கள்ல?"

"சாப்பிட்டேன்."

"எந்திரிச்சுப் போயி சொல்லுங்க."

"மொதல்ல அளந்து பாத்துருவோம்னு—"

"நீங்க அளந்து முடிக்கிற வரைக்கும் அந்த மனுசன் நெஞ்சு காத்துக்கிட்டு இருக்குமா? போங்க!"

போனேன். கதவில் பூட்டு. எதிர்வீட்டில் விசாரித்தால், அப்போதுதான் திருமங்கலத்தில் இருக்கிற மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போனார்களாம்; செவ்வாய்க்கிழமைதான் வருவார்களாம். போனை எடுத்தேன்... வைத்துவிட்டேன். பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிற இதய நோயாளியிடம் போனில் சொல்லுகிற விஷயமா இது? திருமங்கலம் வரைக்கும் என் கம்பியால் அவரை ஒன்றும் செய்ய முடியாது. அந்த நான்கு நாளில் நான் ஒரு மீட்டர் செய்யத் தீர்மானித்தேன்.

என் ஏரியலிலிருந்து கிளம்புகிற சிக்னல் எந்த இடத்தில் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று காட்டுகிற மீட்டர். கடையில் வாங்கலாம், வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். கையால் செய்தால் ஐந்தாறு சாமான் போதும். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் பழைய காலத்து டையோடு ஒன்று. செத்துப்போன டிரான்சிஸ்டர் ரேடியோவிலிருந்து அதைக் கழற்றினேன். அதே ரேடியோவின் இழுத்தால் நீளும் ஏரியல். ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில், உடைந்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு வால்யூம் கன்ட்ரோல். வீட்டு பிஸ்கட் டின். எல்லாம் கிடைத்தது. முள் மட்டும் கிடைக்கவில்லை.

பழைய டேப் ரெக்கார்டர்களில் பாட்டுக்கு ஏற்ப ஒரு முள் குதிக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அதுதான் வேண்டும். பரணில் ஒன்று கிடந்தது. ரிப்பேராகிப்போய், "பிரிச்சு என்னமும் செஞ்சுக்கங்க சார்" என்று பாய் போன வருடம் என்னிடம் கொடுத்த டேப் ரெக்கார்டர். ஸ்க்ரூவைத் திருகும்போது கை கொஞ்சம் கூசியது. யாருக்கு நான் தீங்கு செய்தேனா என்று பார்க்கப் போகிறேனோ, அவருடைய முள்ளே சாட்சி.

ஞாயிறு மாலை பற்றவைத்தேன். சூடு அதிகமாகி டையோடு செத்தது. திங்கட்கிழமை காலை இன்னொரு ரேடியோவிலிருந்து இன்னொரு டையோடு. இந்தத் தடவை முள்ளைத் தலைகீழாக இணைத்துவிட்டேன். ஒரு டார்ச் செல்லைத் தொட்டுச் சோதித்தால், வலப்பக்கம் போக வேண்டியது இடப்பக்கம் போய் முட்டி நின்றது. மத்தியானம் சரியானது. முள்ளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, பத்துக் கோடு போட்டேன்.

இந்த மீட்டருக்கு பேட்டரி கிடையாது. காற்றில் வருகிற சிக்னலே முள்ளைத் தள்ள வேண்டும். 'இங்கே அதிகம், அங்கே குறைவு' என்று சொல்லும். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. நெஞ்சைப் பற்றிக் கேட்டால் முழிக்கும். அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை.

செவ்வாய் மாலை அவர்கள் வந்து இறங்கினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மைமூன் முந்திக்கொண்டார்.

"அங்க நாலு நாளும் ஒண்ணுமே வரலண்ணே! ஒரு கிறுகிறுப்பு இல்ல. பேரப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு நல்லா நடந்தாரு!"

நான் ரேடியோவை நிறுத்திய அதே நான்கு நாள். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன் — உலக நேரம், ஐந்தரை மணி, பொருந்திய நான்கு தாள்கள், எல்லாவற்றையும்.

காதர் பாய் சிரித்தார்.

"சார், நீங்க பேசுறதைக் கேட்டுத் தலை சுத்தும்னா, ஒங்க வீட்டம்மாவுக்குல்ல மொதல்ல சுத்தியிருக்கணும்?"

மைமூன் சிரிக்கவில்லை. "நீங்க சும்மா இருங்க. அண்ணே... அந்தக் கம்பியக் கழட்டிருங்க."

"வெள்ளிக்கிழமையிலேர்ந்தே ரேடியோ போடலம்மா. கம்பியையும் காலையில எறக்கிர்றேன்."

"அளந்துட்டு எறக்குங்க சார்" என்றார் பாய். "நான் துணிய அளக்காம வெட்டுறதில்ல. நாளான்னைக்கு எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போறோம். அதுக்குள்ள நீங்க ஒங்க அளவ எடுத்துருங்க."

என்ன மனிதர்! நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தால் கம்பியை நானே ஏறிப்போய் அறுத்திருப்பேன்.

அளக்கிறவன் இங்கே இருந்தால், பேசுகிறவன் அங்கே வேண்டும். அதுவும் லைசென்ஸ் உள்ள ஆள்தான் பேசலாம். உசிலம்பட்டியில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிற முத்தையா ஒரு ஹாம். பல வருடமாக ரேடியோவிலேயே சண்டை போட்டுக்கொள்கிற சிநேகிதன். புதன்கிழமை மத்தியானம் பஸ் பிடித்து வந்து இறங்கினான். பிஸ்கட் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாப்ள, இத வச்சா அளக்கப்போற? முறுக்கு வச்சுத் தின்னாலாச்சும் பிரயோசனம்."

முதலில் எங்கள் மொட்டை மாடியில், கம்பிக்கு நேர் கீழே. கீழே முத்தையா மைக்கில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றான். முள் விர்ரென்று ஒன்பதாம் கோட்டுக்குப் போனது. மாடிப்படியில் ஐந்து. எங்கள் ஹாலில் இரண்டு. பாய் வீட்டுக்குள் போவதற்கு, பாய் வெளியே போகிற வரைக்கும் காத்திருந்தோம். அஸர் என்கிற சாயங்காலத் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு சத்தம் கேட்டது. அவர் தெருமுனைப் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். "நான் கூப்பிடுற வரைக்கும் வராதீங்க பாய்" என்றேன். "நாலு பேர்கிட்டப் பேசிட்டு வாரேன். நீங்க பாருங்க" என்று போனார்.

இப்படித்தான் அந்த நாற்காலியில், 4.38க்கு, மடியில் டின்னோடு. ஒரு கையில் போன். கதவோரம் மைமூன், முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு.

"மாப்ள, இப்பப் பேசுறேன். முள்ளு என்னாங்குது?"

முள் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"அசையல."

"டப்பா செத்துருச்சா பாரு."

ஓடி எங்கள் மாடிக்குப் போனேன். ஒன்பது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பூஜ்யம். வால்யூம் கன்ட்ரோலைக் கடைசி வரைக்கும் திருகினேன். முள் ஒரு நூல் அளவுக்குச் சிலிர்த்தது, அவ்வளவுதான். கூரையின் கான்கிரீட்டும் அதற்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளும் குறுக்கே நின்று தடுத்துக்கொண்டிருந்தன.

"அசையலேல்லண்ணே?"

"இல்லம்மா."

நிம்மதி வந்ததா? பாதிதான் வந்தது. மீதிப் பாதியை அந்த நான்கு தாள்கள் பிடித்து வைத்திருந்தன. முள் அசையவில்லை என்றால், நேரம் ஏன் பொருந்தியது?

பாயைக் கூப்பிட்டோம். நான் நாற்காலியை விட்டு ஸ்டூலுக்கு மாறினேன். வந்தவர், "இன்னைக்கி ரெண்டு ஜாக்கெட் குடுக்கணும் சார்" என்று மெஷினில் உட்கார்ந்து பெடலை மிதித்தார். முத்தையா இன்னும் போனை வைக்கவில்லை. காதில் கத்தினான்.

"மாப்ள! என்ன பண்ணுன? ரேடியோவுல ஒரே எரைச்சல்! ஒரு பய பேசுறதும் கேக்கல!"

பாய் துணியைத் திருப்புவதற்காகக் காலை எடுத்தார்.

"நின்னுருச்சு" என்றான் முத்தையா.

மிதித்தார். "வந்துருச்சு." எடுத்தார். "நின்னுருச்சு. யார்ரா அது வெளையாடுறது?"

நான் எழுந்தே விட்டேன். அந்த இரைச்சல் எனக்குப் பழைய சிநேகிதம். தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாய் மெஷினின் மோட்டார்! என் லாக்கில் குறிப்புப் பகுதியைப் புரட்டினால், அந்த நான்கு நாளிலும் என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'இரைச்சல் நின்றது. பேச ஆரம்பித்தேன்.'

புரிகிறதா? மாலையில் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரைச்சல் எப்போது ஓயும் என்று காத்திருப்பேன். ஓய்ந்ததும் பேசுவேன். அது ஓய்வது எப்போது? பாங்கு சத்தம் கேட்டு, பாய் பெடலிலிருந்து காலை எடுக்கும்போது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் குனிந்தது குனிந்தபடி உட்கார்ந்திருந்த மனிதர், தொழுகைக்கு நேரமாகிறதே என்று விருட்டென எழுந்திருக்கிறார். தலை சுற்றுகிறது. இரண்டு நிமிடம் கழித்து, பக்கத்து வீட்டில் நான் வாயைத் திறக்கிறேன்.

என் பேச்சு அவர் தலையைச் சுற்ற வைக்கவில்லை. அவர் எழுந்ததுதான் என்னைப் பேச வைத்தது. திருமங்கலத்தில் மெஷினும் இல்லை, விருட்டென்று எழுவதும் இல்லை. அதனால் கிறுகிறுப்பும் இல்லை. மைமூன் வீட்டுக் கடிகாரம் மெதுவாகவும் ஓடவில்லை. தலைசுற்றல் முன்னே, என் பேச்சு பின்னே என்று அது நான்கு தடவை சொல்லியிருக்கிறது. விளைவுக்குப் பின்னால் வந்த ஒன்றைக் காரணம் என்று பிடித்து வைத்துக்கொண்டு, ஐந்து நாள் தூங்காமல் கிடந்திருக்கிறேன். இத்தனைக்கும் துப்பறியும் கதைகளை அலமாரி அலமாரியாகப் படித்தவன்!

"அப்ப இம்புட்டு நாளும் ஒன் பேச்சக் கெடுத்தது பாய்தானா?" என்றான் முத்தையா. "அவருக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும்டா."

இதெல்லாம் என் கணக்கு. என் கணக்கின் லட்சணம் உங்களுக்கே இப்போது தெரியும். அதனால் வியாழக்கிழமை பாயோடும் மைமூனோடும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கக்கத்தில் லாக்.

பேஸ்மேக்கருக்கும் ஒரு லாக் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நெஞ்சின் மேல் வட்டமாக ஒன்றை வைத்தார்கள். உள்ளே இருக்கிற கருவி இத்தனை மாதமும் பதிந்து வைத்திருந்தது எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் வந்து விழுந்தது. டாக்டர் ஒரு பெண்மணி. திரையையும் மைமூனின் தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மைமூனின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன.

"இந்த நேரங்கள்ல கருவி ஒழுங்காத்தான் வேலை பாத்திருக்கு. ஒரு தடங்கலும் இல்ல."

பாயை உட்கார வைத்து பிரஷர் பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தார். நின்றதும் சடாரென்று இறங்கியிருந்தது.

"எந்திரிக்கும்போது பிரஷர் விழுதுங்க. மாத்திரையைக் குறைச்சு எழுதித் தர்றேன். நல்லாத் தண்ணி குடிங்க. உக்காந்த இடத்துலேர்ந்து மெதுவா எந்திரிங்க."

"பாங்கு சொல்லிட்டா மெதுவா எந்திரிக்க முடியாதே டாக்டரம்மா" என்றார் பாய்.

"பாங்கு சொல்றதுக்கு அஞ்சு நிமிசம் முன்னாடி நான் எழுப்பி விடுறேன்" என்றார் மைமூன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவருக்கு. எனக்கும்தான்.

ஏரியல் பற்றிக் கேட்டேன். இவ்வளவு தூரமும் நடுவே கான்கிரீட்டும் இருந்தால் பயமில்லை, நீங்கள் பேசும்போது அவர் மாடியில் கம்பிக்குக் கிட்டே நிற்காமல் இருந்தால் போதும் என்றார். ஆனாலும் அன்று சாயங்காலமே பாய் வீட்டுக்கு மேலே இருந்த மூங்கிலைப் பிடுங்கி, கம்பியை எங்கள் வேப்பமரத்துப் பக்கம் திருப்பிக் கட்டிவிட்டேன். சிக்னல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. குறையட்டும்.

யோசித்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. நிரபராதி என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டபோதும் அவசரப்பட்டேன். குற்றவாளி என்று எழுதிக்கொண்டபோதும் அதே அவசரம். இரண்டு வழக்கிலும் கதாநாயகன் நான்தான். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலை சுற்றினால்கூட, அது என்னைச் சுற்றித்தான் நடக்க வேண்டுமா?

கிளம்பும்போது டாக்டர் மைமூனின் நான்கு காலண்டர் தாள்களையும் வாங்கி, "ரொம்ப உபயோகமா இருந்துச்சும்மா" என்று பாயின் ஃபைலில் வைத்துக்கொண்டார். நானும் லாக்கை மெல்ல மேஜை மேல் நகர்த்தினேன். அவர் அதைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரு? இவருக்கு என்ன வேணும்?"

"சம்பந்தமே இல்லாத ஆளுங்க" என்றேன் — அப்படிச் சொல்வதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று யார் கண்டது!